மருத்துவரின் நிழலிலிருந்து சொந்தப் பொறுப்புக்கு: பிசியோதெரபித் தொழில் இடர்களைக் கையாண்ட வரலாறு

இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி, நோயாளியின் உடலைத் தொட்டுச் செய்யும் தொழில். கையின் அழுத்தம், அசைவுப் பயிற்சி, வெப்பம், மின்சாரம் ஆகியவை அதன் கருவிகள். தொடுவதால் எழும் அவதூறு, கருவியால் நேரும் காயம், பிழையான கணிப்பால் வரும் கேடு, கிளினிக் நடத்துவதில் ஏற்படும் பண நட்டம் ஆகிய நான்கு இடர்களும் தொடக்கம் முதலே இத்தொழிலைத் தொடர்ந்து வந்துள்ளன. பிரிட்டனில் இத்தொழில் ஓர் அமைப்பாகத் திரண்டதற்கே முதல் வகை இடர்தான் காரணம். அந்நாட்டின் அனுபவம் காமன்வெல்த் நாடுகள் பலவற்றின் சட்டங்களிலும் தொழில் நெறிகளிலும் படிந்திருப்பதால், இடர்களைக் கையாளும் முறை எப்படி வளர்ந்தது என்பதை அங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருந்தும்.

1894-க்கு முந்தைய நிலை

உடலைப் பிடித்துவிடுவதும் உருவிவிடுவதும் எல்லா நாடுகளிலும் பழைய வழக்கங்களே. ஐரோப்பாவில் அவற்றுக்குப் பாடத்திட்டம் வகுத்து, முறையான கல்வியாக்கியதில் சுவீடன் முன்னணியில் இருந்தது. பெர் ஹென்ரிக் லிங் 1813-ல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சி நிறுவனம் மருத்துவ உடற்பயிற்சியையும் மசாஜையும் கற்பித்தது. அங்கே பயின்றவர்களை சுவீடன் அரசு 1887-ல் முறைப்படி பதிவு செய்யத் தொடங்கியது.

பிரிட்டனில் அத்தகைய பதிவு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மசாஜ் சிகிச்சைக்கு மருத்துவர்களிடையே நல்ல வரவேற்பு இருந்தது. நரம்புத் தளர்ச்சி, எலும்பு முறிவுக்குப் பின் வரும் மூட்டு இறுக்கம், பக்கவாதம் போன்றவற்றுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. தேவை பெருகியதும் சில வாரப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் விற்கும் பள்ளிகள் முளைத்தன. மசாஜ் நிலையம் என்ற பெயர்ப்பலகை மாட்டிய வீடுகள் சிலவற்றில் பாலியல் தொழிலும் நடந்தது. 1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த நிலையங்களைப் பற்றி வெளிப்படையாக எழுதி எச்சரித்தது. நேர்மையாக இச்சிகிச்சையைச் செய்துவந்த செவிலியரும் மருத்துவச்சிகளும் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். எந்த நோயாளிக்கும் கெடுதல் செய்யாத ஒருவர், தொழிலின் பெயர் கெட்டதாலேயே வருமானத்தையும் மதிப்பையும் இழக்க நேரிட்டது.

நான்கு பெண்களும் நான்கு விதிகளும்

இந்தச் சூழலில்தான் லூசி மரியான் ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் ஆன் மான்லி, மார்கரெட் டோரா பாமர் ஆகிய நால்வரும் 1894-ல் ‘பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்’ என்ற அமைப்பை லண்டனில் தொடங்கினார்கள். செவிலியர், மருத்துவச்சி வட்டத்தைச் சேர்ந்த அவர்களுக்கு, ஒழுங்கும் தேர்வும் பதிவேடும் ஒரு தொழிலுக்கு என்ன மதிப்பைத் தரும் என்பது நேரில் தெரியும். ரோசலிண்ட் பேஜெட் மருத்துவச்சிகளுக்கான சட்டப் பதிவுக்காகவும் உழைத்தவர்.

சங்கம் வகுத்த முதல் நடத்தை விதிகள் நான்கு. மருத்துவர் சொல்லாமல் எவருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொது மசாஜ் செய்யக் கூடாது. அவசரமான நோயாளிகளுக்கு மருத்துவர் தனியாகக் கேட்டுக்கொண்டால் மட்டும் விலக்கு உண்டு. மருத்துவ இதழ்களைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. நோயாளிகளுக்கு மருந்து விற்கக் கூடாது.

இந்த நான்கும் வெறும் ஒழுக்க போதனைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடருக்குப் போட்ட வேலி. மருத்துவரின் கட்டளை இருந்தால், நோயைக் கணிக்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும். ஆண் நோயாளிகளைத் தவிர்த்தால் அவதூறுக்கு இடமிருக்காது. விளம்பரம் இல்லையென்றால் ஐயத்துக்குரிய நிலையங்களோடு சேர்த்துப் பேசப்படும் நிலை வராது. மருந்து விற்காவிட்டால் மருத்துவரோடும் மருந்துக் கடைக்காரரோடும் மோதல் எழாது. விலையும் சிறியதல்ல. நோயாளியைத் தேடிக்கொள்ளும் உரிமையையும், சொந்தமாக முடிவெடுக்கும் உரிமையையும், வாய்ப்புள்ள நோயாளிகளில் பாதிப் பேரையும் அப்பெண்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக மருத்துவர்களின் ஆதரவு கிடைத்தது.

விதிகளோடு தேர்வும் வந்தது. உடற்கூறியலும் மசாஜ் செய்முறையும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே சங்கம் சான்றிதழ் அளித்தது. விதியை மீறியவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. 1900-ல் சங்கம் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பாகியது. நன்னடத்தையும் நிரூபிக்கப்பட்ட திறமையும் சேர்ந்தே ஒரு தொழிலைக் காக்கும் என்ற பாடம் அப்போதே பதிந்துவிட்டது.

போரும் அரச சாசனமும்

முதல் உலகப் போர் இந்த வேலிகளில் ஒன்றைத் தகர்த்தது. 1914 ஆகஸ்டில் அல்மெரிக் பேஜெட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பொருளுதவியோடு ராணுவ மசாஜ் படை ஒன்று அமைக்கப்பட்டது. ஐம்பது பேரோடு தொடங்கிய அப்படையில், போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 2,000 பேர் பணியாற்றினார்கள். அவர்கள் சிகிச்சை அளித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் ஆண்கள். காலிழந்தவர்கள், நரம்பு அறுந்தவர்கள், மூட்டு விறைத்துப்போனவர்கள். ஆண்களைத் தொடக் கூடாது என்ற விதி ராணுவ மருத்துவமனைக் கூடங்களில் பொருளற்றதாகிவிட்டது. திறந்த கூடம், சீருடை, மேற்பார்வை மருத்துவர் ஆகியவை பழைய தடையின் இடத்தை நிரப்பின. தொடுதல் பற்றிய ஐயத்தைத் தடையால் போக்குவதை விட, பிறர் பார்வையில் படும்படி வேலை செய்வதால் போக்கலாம் என்பதை அந்த நான்கு ஆண்டுகள் காட்டின. உடன் ஒருவர் இருக்க வேண்டுமா என்று நோயாளியிடம் கேட்கும் இன்றைய வழக்கமும் அதே எண்ணத்தில் நிற்கிறது.

போருக்குப் பின், 1920-ல், மான்செஸ்டரைச் சேர்ந்த மற்றொரு அமைப்பும் சங்கத்தோடு இணைந்தது. அவ்வாண்டே அரச சாசனம் கிடைத்து, ஆண்களும் முழு உறுப்பினர்களானார்கள். அதே 1920-ல் நியூசிலாந்து மசாஜ் தொழிலாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் இயற்றியது. பிரிட்டிஷ் சங்கத்தின் பெயர் 1944-ல் ‘சாசனம் பெற்ற பிசியோதெரபி சங்கம்’ என்று மாறியது. மசாஜ் என்ற சொல் பெயரிலிருந்து நீங்கியபோது, தொழிலின் எல்லை எவ்வளவோ விரிந்திருந்தது.

கருவிகள் கொண்டுவந்த காயங்கள்

விரிந்த எல்லை புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. கால்வானிக் மின்னோட்டம், பாரடிக் மின்னோட்டம், புற ஊதா விளக்கு, அகச்சிவப்பு விளக்கு, மெழுகுக் குளியல், பின்னர் உடலுக்குள் வெப்பமூட்டும் ஷார்ட்வேவ் டயாதெர்மி என்று ஒவ்வொரு கருவியும் சிகிச்சை அறைக்குள் வந்தது. கையால் செய்யும் மசாஜில் பெரும் காயம் அரிது. மின்சாரமும் வெப்பமும் சில நிமிடங்களில் தோலைச் சுட்டுவிடும். ஈரத்துணி சீராகப் படியாத மின்முனைத் தகட்டின் கீழ் மின்னோட்டம் ஓரிடத்தில் குவிந்து வேதிப்புண் உண்டாக்கும். புற ஊதா ஒளியின் அளவு சற்று மிகுந்தாலும் சில மணி நேரம் கழித்துத் தோல் கொப்பளிக்கும். சிகிச்சை நடக்கும்போது நோயாளிக்கு எதுவும் தெரியாது.

இதற்கு விடையாக உருவானவைதான் இன்றும் பாடநூல்களில் உள்ள முன்சோதனைகள். வெப்பச் சிகிச்சைக்கு முன், சுடுநீரும் குளிர்நீரும் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்களைத் தோலில் மாற்றி மாற்றி வைத்து, கண் மூடியிருக்கும் நோயாளி வேறுபாட்டைச் சொல்கிறாரா என்று பார்ப்பார்கள். புற ஊதா சிகிச்சைக்கு முன் முன்கையில் சிறு சிறு கட்டங்களில் வெவ்வேறு நேரம் ஒளி பாய்ச்சி, எந்த அளவில் தோல் சிவக்கிறது என்று மறுநாள் பார்த்து அளவை முடிவு செய்வார்கள். உடலுக்குள் உலோகத் தகடு உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, கருவுற்றிருக்கிறாரா என்ற கேள்விகள் டயாதெர்மியோடு சேர்ந்து வந்தன.

உணர்ச்சியற்ற தோல் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணிகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைவிரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம், வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் நேரும் காயமும் தீப்புண்ணுமே என்று காட்டினார். அங்கே நடந்த கை மறுசீரமைப்புப் பணியில் அறுவைக்கு முன்னும் பின்னும் இயன்முறைப் பயிற்சி இன்றியமையாத பகுதியாக இருந்தது. சூடு தெரிகிறதா என்று முதலில் பார்த்த பிறகே சூடு வைக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிட அழுத்தமான சான்று தேவையில்லை.

கருவியின் மறுபக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. நோயாளிகளைத் தூக்குவதால் முதுகு வலியும், தொடர்ந்து அழுத்திச் செய்யும் சிகிச்சையால் கட்டைவிரல் மூட்டுத் தேய்மானமும் இத்தொழிலாளர்களுக்கு வருவது பழைய செய்தி. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டமும், 1993-ல் நடைமுறைக்கு வந்த சுமை தூக்கும் விதிகளும் இதைத் தனிமனிதரின் கவனக்குறைவாகப் பார்க்காமல் பணி வழங்குபவரின் கடமையாக மாற்றின. சிறு கிளினிக் நடத்துபவருக்கும் தம்மிடம் வேலை செய்பவர் பற்றிய அந்தக் கடமை உண்டு.

அரசுப் பதிவு

1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட்டுகளில் பெரும்பாலோர் அரசு மருத்துவமனைகளின் ஊழியர்களானார்கள். சிகிச்சையில் தவறு நேர்ந்தால் மருத்துவமனை நிர்வாகம் பொறுப்பேற்றது. சம்பளம் மாதந்தோறும் வந்தது. ஊழியர்களைப் பொறுத்தவரை, தொழில் இடரும் வணிக இடரும் ஒருசேரத் தணிந்தன. தனியாகக் கிளினிக் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இரண்டும் பழையபடியே இருந்தன.

1960-ல் மருத்துவத் துணைத்தொழில்கள் சட்டம் வந்தது. பிசியோதெரபிக்குத் தனிப் பதிவு வாரியம் அமைந்தது. அரசுச் சேவையில் பணியாற்றப் பதிவு கட்டாயமானது. தொழில் நடத்தையில் பெரும் பிழை செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் வந்தது. ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தனியார் துறையில் எவரும் பிசியோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். 1894-ல் சான்றிதழ் விற்ற பள்ளிகளால் எழுந்த சிக்கல், வேறு வடிவில் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 2003-ல் புதிய பதிவேடு தொடங்கிய பிறகுதான் அந்தப் பட்டப்பெயர் சட்டப் பாதுகாப்பு பெற்றது. பதிவில்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றமாகியது.

நீதிமன்றம் வகுத்த அளவுகோல்

சிகிச்சையில் நேர்ந்த தீங்கு எப்போது அலட்சியமாகிறது? இக்கேள்விக்குப் பிரிட்டிஷ் நீதிமன்றம் 1957-ல் சொன்ன விடை, உலகின் பல நாடுகளில் மருத்துவத் தொழில்கள் அனைத்துக்கும் அளவுகோலாகியது. மனநல மருத்துவமனை ஒன்றில் தசைத் தளர்வு மருந்து தராமல் மின் அதிர்ச்சி சிகிச்சை செய்தபோது, நோயாளிக்கு இடுப்பு மூட்டுக் குழிகள் உடைந்தன. அதுவே போலம் வழக்கு. மருந்து தருவதா, நோயாளியை இறுகப் பிடித்துக்கொள்வதா என்பதில் அன்றைய மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அத்துறையில் திறமையுள்ள பொறுப்பான ஒரு பிரிவினர் ஏற்கும் முறைப்படி நடந்தவர் அலட்சியம் செய்தவராக மாட்டார் என்று நீதிபதி வழிகாட்ட, நடுவர் குழு மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இதன் விளைவு ஆழமானது. தம் துறையில் எது ஏற்கப்பட்ட நடைமுறை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது தற்காப்புக்கும் அவசியம் என்றாயிற்று. தொழில்முறைச் சங்கங்கள் வெளியிடும் தர நெறிகள் வழிகாட்டுதல் என்ற நிலையைத் தாண்டி நீதிமன்றச் சான்றாகின. 1997-ல் பொலித்தோ வழக்கில், அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது. பலர் செய்கிறார்கள் என்பது மட்டும் போதாது. அந்த நடைமுறை தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். 2015-ல் மான்ட்கோமரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதலைப் பற்றிய பார்வையை மாற்றியது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்ய மருத்துவர்களின் வழக்கத்தைப் பார்க்கக் கூடாது; அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதையே பார்க்க வேண்டும் என்றது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-லேயே இதே திசையில் தீர்ப்பளித்திருந்தது.

பிசியோதெரபி அறையில் இதன் பொருள் தெளிவானது. கையெழுத்து வாங்கிய தாள் ஒப்புதல் ஆகாது. என்ன செய்யப் போகிறார், ஏன், வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எந்தத் தீங்கு நேரலாம் என்பவை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். சொன்னது எழுதப்படவும் வேண்டும். சிகிச்சைக் குறிப்பேடு இவ்வாறுதான் நினைவுக்குதவும் தாள் என்ற நிலையிலிருந்து முதன்மைச் சாட்சியாக உயர்ந்தது. பிரிட்டனில் காயம் பற்றிய வழக்கு தொடுக்கப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. ஆனால் தீங்கு தெரியவந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடலாம். குழந்தை நோயாளிக்குப் பதினெட்டு வயது நிறைந்த பிறகே காலம் ஓடத் தொடங்கும். குழந்தைகளின் குறிப்புகளை அவர்களது இருபத்தைந்தாம் பிறந்தநாள் வரை வைத்திருக்கும் நடைமுறைக்கு இதுவே காரணம்.

பரிந்துரைச் சீட்டு நீங்கிய காலம்

1894-ன் முதல் விதியான மருத்துவர் கட்டளை, எண்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. 1976-ல் ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கம், மருத்துவர் பரிந்துரை இல்லாமல் நோயாளியைப் பார்க்கக் கூடாது என்ற நெறியை நீக்கியது. 1977-ல் பிரிட்டன் சுகாதாரத் துறையின் சுற்றறிக்கை, எந்தச் சிகிச்சை, எவ்வளவு காலம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பிசியோதெரபிஸ்ட்டுக்கு உண்டு என்று ஏற்றது. அதையடுத்து பிரிட்டிஷ் சங்கமும் தன் விதியைத் தளர்த்தியது.

தொழிலின் கண்ணியத்துக்கு அது பெரும் வெற்றி. அதே வேளையில், இதுவரை மருத்துவர் தாங்கிய சுமை தோளை மாற்றியது. முதுகு வலி என்று நேரடியாக வரும் ஒருவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய் இருக்கலாம். சிறுநீர் கட்டுப்பாடு இழந்தவருக்குத் தண்டுவட அடிநரம்புகள் நசுங்கியிருக்கலாம். கெண்டைக்கால் வலிக்குச் சிரை இரத்தக்கட்டு காரணமாக இருக்கலாம். இவற்றைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி வாரக்கணக்கில் பயிற்சி தந்தால், தவறிய நாட்களே நிரந்தர ஊனமாகும். ஆகவே அபாய அறிகுறிகளைக் கேட்டறிவதும், அவை தென்பட்டால் சிகிச்சையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும் கல்வியின் மையத்துக்கு வந்தன. தண்டுவட அடிநரம்பு நசுக்கம் இன்றும் இத்தொழிலில் மிகப் பெரிய இழப்பீட்டு வழக்குகளுக்குக் காரணமாகக்கூடிய நோய்களில் ஒன்று. 1990-களில் பிரிட்டனில் மூட்டு ஊசி போடும் உரிமையும், 2013-ல் சுயமாக மருந்து எழுதும் உரிமையும் தகுதிப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைத்தன. ஒவ்வோர் உரிமையும் தனிப் பயிற்சி, அதற்கேற்ற காப்பீடு ஆகியவற்றோடு மட்டுமே வந்தது.

கழுத்துச் சிகிச்சை கற்பித்த பாடம்

கழுத்து மூட்டுகளைத் திடீரென அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சையின் வரலாறு, இடரை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது. மிக அரிதாக, அச்சிகிச்சைக்குப் பின் மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் நேரலாம். அதைத் தடுக்க ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கம் 1988-ல் ஒரு முன்சோதனை நெறியை வெளியிட்டது. கழுத்தைத் திருப்பிப் பிடித்துத் தலைசுற்றல் வருகிறதா என்று பார்ப்பது அதன் முக்கியப் பகுதி. ஆண்டுகள் செல்லச் செல்ல, அச்சோதனையால் ஆபத்துள்ளவரை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆய்வுகள் காட்டின. சோதனையில் எதுவும் தெரியாதவருக்கும் தீங்கு நேரலாம்.

2012-ல் கைமுறை சிகிச்சை பிசியோதெரபிஸ்ட்டுகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு புதிய சட்டகம் ஒன்றை வெளியிட்டது. 2020-ல் அது திருத்தப்பட்டது. ஒற்றைச் சோதனையை நம்பாமல், இரத்த அழுத்தம், இதுவரை இல்லாத வகையில் தலையிலோ கழுத்திலோ வந்த கடும் வலி, அண்மையில் பட்ட அடி, மூளை நரம்பு அறிகுறிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க அது வழிகாட்டுகிறது. நன்மைக்கும் தீங்குக்கும் இடையே நிறுத்துப் பார்த்து, மென்மையான மாற்றுச் சிகிச்சை இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பதும் அதன் பகுதி. செய்தோம் என்று குறித்துக்கொள்ள உதவும் சடங்கான சோதனை நோயாளியைக் காக்காது என்பதைத் தொழில் தானே ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டது இங்கே பாராட்டுக்குரியது.

காப்பீடும் கிளினிக் கணக்கும்

எத்தனை கவனமாக இருந்தாலும் சில தீங்குகள் நேரும். அப்போது பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடைதான் தொழில் பொறுப்புக் காப்பீடு. பிரிட்டனில் நெடுங்காலம் அது தொழில் நெறியாகவும் சங்க உறுப்பினர் நலனாகவும் இருந்தது. 2014 ஜூலையில் சட்டக் கட்டாயமாகியது; காப்பீடு இல்லாதவர் பதிவேட்டில் நீடிக்க முடியாது. இழப்பீடு பெறும் உரிமை நோயாளிக்குக் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது என்ற எண்ணமே அச்சட்டத்தின் அடிப்படை.

காப்பீட்டிலும் நுணுக்கம் உண்டு. சிகிச்சை நடந்த நாளில் காப்பீடு இருந்தால் போதும் என்பது ஒரு வகை. வழக்கு வந்து சேரும் நாளில் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில் இருப்பவர் ஓய்வு பெற்றதும் பிரீமியத்தை நிறுத்திவிட்டால், சில ஆண்டு கழித்து வரும் வழக்கைத் தம் சேமிப்பிலிருந்தே சந்திக்க வேண்டியிருக்கும். எனவே தொழிலை விட்ட பின்னும் சில ஆண்டு தொடரும் காப்பீடு அவர்களுக்குத் தேவை. மேலும், தொழில் பொறுப்புக் காப்பீடு சிகிச்சைத் தவறுக்கு மட்டுமே. ஈரத் தரையில் நோயாளி வழுக்கி விழுந்தால் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடும், ஊழியருக்குக் காயம் நேர்ந்தால் பணி வழங்குபவர் காப்பீடும், தீயில் கருவிகள் அழிந்தால் சொத்துக் காப்பீடும் வேண்டும்.

வணிக இடர்களின் தன்மையும் காலத்தோடு மாறியது. தொடக்க காலத்தில் ஒரு மருத்துவரின் ஆதரவு போனால் வருமானமே போகும். பிற்காலத்தில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. நோயாளிகளில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் வழியே வந்தால், அது கட்டணத்தைக் குறைக்கும் நாளில் கிளினிக் தடுமாறும். பங்குதாரர் பிரிவு, வாடகை ஒப்பந்தம், வேலையை விட்டுப் போகும் உதவியாளர் நோயாளிகளையும் அழைத்துச் செல்வது, நோயாளிகளின் தகவல் கசிவது ஆகியவை பட்டியலில் சேர்ந்தன. 2020-ல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது கிளினிக்குகள் மூடப்பட்டன. தொட்டுச் செய்யும் தொழில் திரைவழி ஆலோசனைக்கு மாறியது. வணிகத் தடைக் காப்பீடு வைத்திருந்த சிறு தொழில்கள் பலவற்றுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டு, 2021 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை அந்த வழக்கு சென்றது. பெரும்பாலும் காப்பீடு எடுத்தவர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் சொற்களைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் ஓர் இடரே என்பதை அது உணர்த்தியது.

இந்தியாவில்

இந்தியாவில் முறையான பிசியோதெரபிக் கல்வி, இளம்பிள்ளை வாதத்தின் பின்னணியில் வளர்ந்தது. 1953-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளி தொடங்கியது. 1955-ல் இந்திய பிசியோதெரபிஸ்ட்டுகள் சங்கம் அமைந்தது. கல்லூரிகள் பெருகிய வேகத்தில் சட்டம் வளரவில்லை. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் கவுன்சில் சட்டங்களை இயற்றின. பல மாநிலங்களில் அத்தகைய சட்டமே இருக்கவில்லை. தேசிய அளவில் 2021-ல்தான் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் வந்து, பிசியோதெரபியைத் தன் அட்டவணையில் சேர்த்தது. மாநிலக் கவுன்சில், பதிவேடு, கல்வித் தரம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது.

பதிவுச் சட்டம் வருமுன்பே பொறுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1995-ல் சாந்தா வழக்கில், கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் போலம் அளவுகோலை ஏற்றதோடு, மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், எந்தச் சிகிச்சைக்கு நோயாளி ஒப்புக்கொண்டாரோ அதற்கு அப்பால் செல்லக் கூடாது என்று ஒப்புதலின் எல்லையை வரையறுத்தது. இவை மருத்துவர்களைப் பற்றிய தீர்ப்புகள் என்றாலும், கட்டணம் வாங்கிச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்டும் அதே தராசில்தான் நிறுக்கப்படுவார்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வரலாற்றில் இடரைக் கையாளும் முறை மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் தொழில் மருத்துவரின் நிழலில் ஒதுங்கியது. பின்னர் தேர்வையும் பதிவேட்டையும் நம்பியது. இறுதியில் தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்றது. இந்தியாவில் பல இடங்களில் மூன்றாம் நிலையின் பொறுப்பு வந்துவிட்டது. இரண்டாம் நிலையின் பாதுகாப்பு இன்னும் முழுமையாக வரவில்லை. மாநிலக் கவுன்சில்களும் பதிவேடுகளும் தாமதமின்றி முழுமையாகச் செயல்பட வேண்டும். அதுவரை காத்திருக்காமல் ஒவ்வொரு கிளினிக்கும் இன்றே செய்யக்கூடியவை உண்டு: சூடு வைக்குமுன் தோலைச் சோதிப்பது, அபாய அறிகுறிகளைக் கேட்பது, நோயாளிக்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் பெறுவது, அன்றன்றைக்குக் குறிப்பெழுதுவது, தக்க காப்பீடு எடுப்பது, தம் அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டவரை உரிய மருத்துவரிடம் அனுப்புவது. நோயாளியைக் காக்கும் இந்த ஆறும் தொழில் செய்பவரையும் காக்கும்.